இல்லாத நாய்க்கு ஓர் அறை

எங்கள் புது வீட்டின் படத்தில் நாய்க்கு ஓர் அறை இருந்தது. எங்களிடம் நாய் கிடையாது. எனக்கு அறை இல்லை. நான் இருக்கிறேன்.

இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் நம்புவதில்லை. நம்பாதவர்களை எனக்குப் பிடிக்கும். நானும் அந்தக் கட்சிதான். எடைமேடையில் உட்கார்ந்து குடும்பத்தைக் காப்பாற்றியவன் நான். சரக்கோடு லாரி வரும், மேடையில் ஏறும், எடை பார்ப்பேன். சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மறுபடி பார்ப்பேன். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வரும்போது சீட்டுக்கு அடியில் கருங்கல் இருக்கும், போகும்போது இருக்காது. கல்லுக்கும் சேர்த்துக் காசு. ஒருவன் தன் மச்சானையே கூட்டி வந்து சீட்டுக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தான். நல்ல கனமான மச்சான். திரும்பும்போது மச்சானைக் காணோம். என் அறையில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாகத்தான் இதையெல்லாம் பிடித்தேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது சொற்பம். ஜன்னலில் படித்ததுதான் நிறைய.

அதனால் வீடு கட்டுவது என்று முடிவானபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முன்பக்கம் ஓர் அறை. அதில் கேட்டைப் பார்த்தபடி ஒரு ஜன்னல்.

நிலம் என்னுடையது. மகள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரே பிள்ளை. எழுத வேண்டாம் என்று எடைமேடை ஆட்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் யாரைத்தான் நம்பினார்கள், என் மகளை நம்ப? ஊரையே நம்பாதவனுக்கும் சட்டையைக் கழற்றி மாட்ட ஓர் ஆணி வேண்டும். எனக்கு அந்த ஆணி என் மகள்.

வீட்டுப்படம் போடும் கம்பெனிக்கு முதல் தடவை போனது நானும் மகளும் மாப்பிள்ளையும். கண்ணாடிக் கதவு, ஜில்லென்று ஹால், சுவரெல்லாம் வீட்டுப் படங்கள். எந்த வீட்டிலும் ஒரு துணி காயவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம். ஆனால் படம் போட உட்கார்ந்த பெண் நல்லவளாகத் தெரிந்தாள். பென்சிலைக் கொண்டைக்குள் செருகி வைத்திருப்பாள். கம்ப்யூட்டரில்தான் வரைவாள், பென்சில் எதற்கு என்று கேட்டேன்.

"யோசிக்கும்போது கடிக்க, தாத்தா," என்றாள்.

உட்கார்ந்ததும் முதலில் பேசியது என் மகள்தான். இதை நான் மறக்கவில்லை. "அப்பாவுக்கு ரூம் முன்னாடியே போட்டுடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்," என்றாள்.

"ஜன்னல் எப்படி வேணும் தாத்தா?"

"நான் உக்காந்தா கேட்டு தெரியணும். கேட்டுல நிக்கிறவனுக்கு நான் தெரியக் கூடாது."

அந்தப் பெண் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தான். மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறை வந்தது, ஜன்னல் வந்தது, பக்கத்திலேயே படி இல்லாத கழிவறை வந்தது. நான் திரையைத் தொட்டுப் பார்த்தேன். தொடக் கூடாதாம்.

பிறகு கொஞ்ச நாள் பேச்சு மூச்சு இல்லை. திடீரென்று கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். புது சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டார்களாம். வாடிக்கையாளர்கள் எல்லோரும் விழாவுக்கு வர வேண்டுமாம்.

போனோம். வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஆரஞ்சு நிறச் சட்டையில் இருந்தார்கள். வீடு மாதிரி ஒரு கேக். முதலாளி கூரையை வெட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். நானும் நின்றேன்.

"யாரு செத்தது?" என்று மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பழைய சாஃப்ட்வேர், மாமா."

"வயசானதா?"

"உஷ்."

முதலாளி மைக்கைப் பிடித்தார். நல்ல உயரம், நல்ல சட்டை, பேசும்போது கையை விரித்து விரித்து மூடுவார், கண்ணுக்குத் தெரியாத மாவைப் பிசைகிற மாதிரி.

"நண்பர்களே, இத்தனை வருசம் நாம என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்? வாடிக்கையாளர் ஒண்ணு கேப்பாரு. அதை அப்படியே வரைஞ்சு குடுப்போம். எவ்வளவு பின்தங்கி இருந்திருக்கோம் பாருங்க. இனிமே சாஃப்ட்வேர் வரையும். அதைப் பார்த்துட்டு வாடிக்கையாளர், 'ஆமா, இதைத்தானே நான் கேட்டேன்'னு சொல்லுவாரு. சொல்லலைன்னா அவருக்குப் பயிற்சி குடுப்போம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பயிற்சி பெறப்போகிறவர்களும் தட்டினார்கள்.

"இன்னையிலேருந்து இந்த ஆபீசுல 'பழசு'ங்கற வார்த்தை கிடையாது. 'பழசுல இப்படி இருந்துச்சு, பழசுல அப்படிச் செஞ்சோம்'னு யாராவது சொன்னா, திட்ட மாட்டோம். தண்டனையும் இல்ல. அவங்க எழுந்து வெளிய போகணும். கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு மனசை மாத்திக்கணும். புது ஆளா, சிரிச்ச முகத்தோட உள்ள வரணும். நாங்க கைதட்டி வரவேற்போம். நானா இருந்தாலும் இதே சட்டம்தான். ஏன்னா பழசுலகூட நான்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மைக்கை வைத்துவிட்டு வெளியே போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடி நின்றார். சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டத்துக்குத் தலைவணங்குகிற மனிதன் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார்.

கேக் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் படத்தைப் பெரிய திரையில் போட்டார்கள். புது சாஃப்ட்வேர் ஒரே நிமிசத்தில் வரைந்ததாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே ஆட்கள் நடமாடினார்கள். ஒரு புருசன், ஒரு பெண்டாட்டி, ஒரு பையன், ஒரு பெண், ஒரு நாய்.

"எங்களுக்குப் பொண்ணு மட்டும்தான். பையன் இல்லையே," என்றான் மாப்பிள்ளை.

"இருக்கட்டும் சார். பின்னாடி உதவும்," என்றார் முதலாளி.

"நாயும் இல்லையே."

"நாய் இல்லாம எப்படி சார் சந்தோசமா இருப்பீங்க? இது 'சந்தோசமான குடும்பம்'னு ஒரே பட்டன். பிரிச்சுப் போட முடியாது."

நான் திரைக்குப் பக்கத்தில் போனேன். முன்பக்க அறை அதே இடத்தில் இருந்தது. உள்ளே ஒரு மெத்தை, ஒரு கிண்ணம். மேலே ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். செல்லப்பிராணி அறை.

"நான் எங்க?" என்று கேட்டேன்.

படம் போடும் பெண் எதை எதையோ தட்டிப் பார்த்தாள். பென்சிலைக் கடித்தாள். "தாத்தா, இதுல மனுசங்கள்ல வயசானவங்க இல்ல," என்றாள்.

"ஏன்?"

முதலாளி என் தோளில் கை போட்டார். "ஐயா, அது உலகத் தரம்."

"உலகத்துல கிழவன் இல்லையா?"

"இருக்காங்க ஐயா. தரத்துல இல்ல."

"பழைய படத்துல என் ரூம் இருந்துச்சே."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முதலாளி மரியாதையாகக் கதவைக் காட்டினார். என் மகள் முழங்கையைத் தொட்டு, "போயிட்டு வந்துடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள்.

போனேன். கதவுக்கு வெளியே செக்யூரிட்டி நின்றான். "மனசு மாறிடுச்சுன்னா சொல்லுங்க, தொறந்து விடுறேன்," என்றான். மாறவில்லை. சிரித்துக்கொண்டு உள்ளே போனேன். கைதட்டினார்கள்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். "கம்ப்யூட்டர் அப்படித்தான்பா. நாம என்ன பண்ண முடியும்?" என்றாள் மகள். அவள் குரலில் அவ்வளவு பரிதாபம் இருந்தது. எனக்கு மாப்பிள்ளை மேல்தான் சந்தேகம். வண்டி ஓட்டிக்கொண்டே விசிலடித்தான். ஒரு மனிதனின் அறை போயிருக்கிறது, விசில் என்ன வேண்டிக்கிடக்கிறது? முதலாளிக்கும் அவனுக்கும் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவனைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன்.

அதன் பிறகு அந்தக் கம்பெனிக்கு நடையாய் நடந்தோம். கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. வாடிக்கையாளர் திருப்திதான் அவர்களுக்கு உயிர் என்று சுவரில் எழுதியிருந்தது. என்னை எப்படியாவது படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று எல்லோரும் கூடி உட்கார்ந்தார்கள்.

முதலில் என்னை விருந்தாளி என்று போட்டார்கள். சாஃப்ட்வேர் உடனே ஒரு கட்டில் கொடுத்தது. எனக்குச் சந்தோசம். அந்தப் பெண் திரையில் நாளைத் தள்ளிக் காட்டினாள். கொஞ்ச நாள் போனதும் கட்டில் மடங்கிச் சுவருக்குள் போய்விட்டது. கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டி நின்றது.

"அது என்ன பொட்டி?"

"உங்களோடது தாத்தா. விருந்தாளி கிளம்பிட்டார்னு அர்த்தம்."

அடுத்து, நகராத பொருளாகப் போட்டுப் பார்க்கலாம் என்று முதலாளி யோசனை சொன்னார். நகராத பொருள் என்றால் தொட்டிச்செடி. போட்டார்கள். செடிக்கு வெயில் வேண்டும் என்று சாஃப்ட்வேர் என்னை மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தது. தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற ஒரு குழாயும் கொடுத்தது. மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "நல்லா வளருவீங்க ஐயா," என்றார் முதலாளி. கேலி செய்யவில்லை. அந்த மனிதனுக்குக் கேலி செய்யத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வேலையில் இருக்க முடியாது.

நடுநடுவே படம் போடும் பெண் என் பக்கம் பேசிப் பார்ப்பாள். "சார், பழசுல ஒரு ரூம்னு தட்டினா ரூம் வந்துடும்," என்று ஆரம்பிப்பாள். எழுந்து வெளியே போவாள், சிரித்துக்கொண்டு வருவாள், கைதட்டுவார்கள். உட்காருவாள். "அது எவ்வளவு சுலபம்னா, பழசுல..." மறுபடி வெளியே. அவள் வேலை செய்ததைவிட உள்ளே வந்ததுதான் அதிகம். மாதக் கடைசியில் 'அதிகமாகப் புதுமையடைந்த ஊழியர்' என்று அவளுக்கு ஒரு கோப்பை கொடுத்தார்கள்.

ஒரு நாள் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாத்தா, கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன்," என்றாள். "இதுல மனுசங்களுக்கு வயசு போட இடம் இல்ல. நாய்க்கு இருக்கு. குட்டி, நடுத்தரம், வயசானதுன்னு."

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான்.

"அதே ரூம்தான் ஐயா," என்றார் முதலாளி. "அதே இடம், அதே காத்து. பேருதான் நாய். கட்டி முடிச்சதும் நீங்க போயிப் படுத்துக்கப் போறீங்க. உள்ள யாரு இருக்காங்கன்னு சாஃப்ட்வேர் வந்தா பாக்கப்போகுது?"

"மாமா, வேணாம். நல்லால்ல," என்றான் மாப்பிள்ளை.

அவன் வேண்டாம் என்றதும் எனக்குச் சுறுக்கென்றது. இவனுக்கு என்ன போச்சு? நான் அந்த அறைக்குள் வருவது பிடிக்கவில்லை போல. "போடும்மா, வயசானதுன்னு போடு," என்றேன்.

போட்டாள். மெத்தை கொஞ்சம் தடிமனாகியது, மூட்டுவலிக்காம். எனக்கும் மூட்டுவலி உண்டு, பரவாயில்லை என்று நினைத்தேன். பிறகு ஜன்னல் சரசரவென்று கீழே இறங்கியது. முழங்கால் உயரத்தில் வந்து நின்றது. கதவு சுருங்கி, தலையால் முட்டினால் திறக்கிற பலகையாக ஆனது.

"ஏம்மா, ஜன்னலை மேல தூக்கு."

"தூக்கினா இறங்கிடுது தாத்தா. நாயோட கண்ணு உயரம்."

"இருக்கட்டும். குனிஞ்சா கேட்டு தெரியுமா?"

அவள் பென்சிலைக் கடிக்கக்கூட மறந்துபோய் என்னைப் பார்த்தாள். "தெரியும் தாத்தா," என்றாள்.

"அப்ப சரி."

நாய்க்கு வாழ்க்கைப்பட்டால் குரைக்கத்தான் வேண்டும் என்பார்கள். நான் அதற்கும் தயாராக இருந்தேன். என் மகள்தான் எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் 'பழசு' என்று சொல்லவில்லை. சும்மாதான் போனாள். அப்பனை நாயாக்கிவிட்டார்களே என்று அவளுக்கு மனசு தாங்கவில்லை என்று நினைத்தேன். அன்று அவள் மேல் எனக்கு இருந்த பாசத்தை எடைமேடையில் ஏற்றியிருந்தால் முள் உடைந்திருக்கும்.

அவள் போனதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, மேஜையில் தட்டினாள். "சார், நாமளே ஒரு ஆளைச் செஞ்சு உள்ள போட்டா என்ன? தாத்தாவைச் சுத்திச் சுத்திப் படம் எடுப்போம். தாத்தா உள்ள வந்துடுவாரு."

முதலாளி மாவு பிசைவதை நிறுத்தினார். "இது என் யோசனைதான். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்," என்றார்.

என்னைச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சுற்றிலும் விளக்கு. நாற்காலியை மெல்லச் சுற்றிச் சுற்றி ஒருவன் படம் எடுத்தான். சிரிக்கச் சொன்னார்கள். நான் சிரித்தேன். அது சிரிப்பு மாதிரி இல்லையாம், வண்டியை மடக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கிறதாம். "பேரப்பிள்ளையை நினைச்சுக்குங்க தாத்தா," என்றாள் அந்தப் பெண். நான் அந்த ஜன்னலை நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

"இந்த முகம் எல்லாருக்கும் பயன்படட்டும், சம்மதமா ஐயா?" என்று முதலாளி கேட்டார். நல்ல காரியத்துக்குக் கேட்கிறார் என்று தலையாட்டினேன். நான் அவசரப்பட்டுத் தலையாட்டியது அந்த ஒரு தடவைதான்.

மறுபடி விழா. மறுபடி கேக். இந்தத் தடவை கேக்கின் மேல் ஒரு சின்னக் கிழவன் உட்கார்ந்திருந்தான், சர்க்கரையில் செய்தது. முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, முதியோரை மதிக்கறது நம்ம நிறுவனத்தோட ரத்தத்துல ஊறினது. போன வாரத்துலேருந்து ஊறுது. உலகத் தரத்துல இல்லாத ஒண்ணை நாம சேர்த்திருக்கோம். இனிமே எந்த வீட்டுலயும் தாத்தா வேணும்னா ஒரே பட்டன். வேணாம்னா அதே பட்டன்."

படம் போடும் பெண் பட்டனைத் தட்டினாள். திரையில் நான் வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான்தான். அதே வழுக்கை, அதே கட்டம் போட்ட சட்டை. என்னைத் தூக்கி முன்பக்க அறையில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், வீடு அசைந்து கொடுத்தது. கிண்ணம் மறைந்தது. பலகை வளர்ந்து கதவானது. சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி முளைத்தது. ஜன்னல் மேலே ஏறி, உட்கார்ந்தவனின் கண் உயரத்துக்கு வந்து நின்றது. அதன் வழியே கேட்டு தெரிந்தது.

மாப்பிள்ளை என் முதுகில் தட்டினான். "வந்துட்டீங்க மாமா," என்றான். அவன் கண் நிஜமாகவே பளபளத்தது. இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு ஒரு மாதிரி ஆனது.

"அப்ப உறுதி பண்ணிடலாமா மேடம்?" என்று முதலாளி என் மகளைக் கேட்டார். நிலம் அவள் பேரில்தானே இருக்கிறது. அவள் சொன்னால்தான் பட்டன் அமுங்கும்.

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்?"

"அது... முன்னாடி போட்டிருந்ததே இருக்கட்டும்," என்றாள்.

"எது?" என்றான் மாப்பிள்ளை.

"நாய் ரூமே இருக்கட்டும்."

சிரித்துவிடுவாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"என்ன பேசுற? மாமா ரூமுக்குத்தானே இவ்வளவு நாளா அலைஞ்சோம்?"

"நான் எதுவும் பண்ணலைங்க. அது தானா போச்சு." அவள் அவனிடம்தான் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை. "அந்த முதல் விழாவுல, படத்துல ரூம் காணோம்னு தெரிஞ்சப்ப, எனக்கு மூச்சே அன்னைக்குத்தான் வந்துச்சு. கம்ப்யூட்டர் சொன்னா அப்பா ஒத்துப்பாருன்னு நினைச்சேன். மனுசங்க சொன்னா ஒத்துக்க மாட்டாரே."

"உனக்கு நான் என்னடா பண்ணேன்?" என்றேன். சின்ன வயசிலிருந்தே அவளை நான் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவேன்.

அப்போதுதான் திரும்பினாள். "ஒண்ணும் பண்ணலப்பா. பாத்துக்கிட்டே இருந்தீங்க. நான் காலேஜுலேருந்து எப்ப வரேன், யாரு கூட வரேன், கையில என்ன பை, போகும்போது அந்தப் பை இருந்துச்சா. என் சிநேகிதி வந்தா அவ செருப்பைக்கூட எண்ணுவீங்க. நான் என்ன லாரியாப்பா? புது வீட்டுலயும் முன்னாடியே உக்காந்துக்கிட்டு, அதே ஜன்னல்... என்னால முடியாது."

"கேட்டுல நிக்கிறவனைத்தானேடா பாப்பேன்."

"கேட்டு வழியாத்தானேப்பா நானும் வரணும்."

ஹாலில் ஆரஞ்சுச் சட்டைகள் எல்லாம் கையில் கேக்கோடு நின்றன. யாரும் மெல்லவில்லை.

"அப்ப நான் எங்க இருக்கிறது?"

"பக்கத்துத் தெருவுலயே ஒரு ரூம் பாத்து வச்சிருக்கேன். மாடி. நல்ல காத்து." கொஞ்சம் நிறுத்தி, "ஜன்னல்கூட இருக்குப்பா," என்றாள்.

எப்போது பார்த்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அவள் போனதும் வந்ததும் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. லாரிக்காரர்கள் ஒருவராலும் முடியாதது அது. எல்லா வண்டியையும் மடக்கிப் பார்த்தேன், இந்த வண்டியை மட்டும் கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். கல் அதில்தான் இருந்திருக்கிறது.

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. மைக்கை எடுத்தார். "பார்த்தீங்களா நண்பர்களே? நாம எல்லாரும் சாஃப்ட்வேர்ல தப்புன்னு நினைச்சோம். தப்பே இல்ல. மேடம் மனசுல இருந்ததை மேடம் சொல்றதுக்கு முன்னாடியே அது வரைஞ்சிடுச்சு. வாடிக்கையாளர் வாயால என்ன கேட்டாலும், உள்ள என்ன கேக்கறார்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பழக்கதோசம். பிறகு எல்லோரும் தட்டினார்கள். படம் போடும் பெண் மட்டும் தட்டவில்லை. திரையில் நான் இன்னும் ஜன்னலோரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"பழைய படத்துல," என்றேன் மகளிடம், "முதல் முதல்ல, அப்பாவுக்கு ரூம் போடுங்கன்னு நீதானேடா சொன்ன?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். முகத்தில் கோபமே இல்லை. என் தோளைத் தொட்டு, கதவைக் காட்டினார்.

"ஐயா. அந்த வார்த்தை. ஒரு நிமிசம் வெளிய போயிட்டு, புது ஆளா வாங்க."

போனேன். செக்யூரிட்டி கதவைத் திறந்து விட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் எனக்காகக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள், நான் சிரித்துக்கொண்டு நுழைந்ததும் தட்ட.

"மனசு மாறிடுச்சுங்களா?" என்றான் செக்யூரிட்டி.

"மாறிடுச்சு."

"தொறக்கவா?"

"வேணாம்பா," என்று படியிறங்கிவிட்டேன்.

மாடி அறையில்தான் இருக்கிறேன். கீழே சைக்கிள் கடை. மகள் பொய் சொல்லவில்லை, காற்று நன்றாக வருகிறது. ஜன்னலும் இருக்கிறது. அதைத் திறந்தால் எதிரில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. அந்தக் கம்பெனியுடையதுதான். அதில் ஒரு வீடு, வாசலில் பூச்செடி, முன்பக்க ஜன்னலில் நான். வாயெல்லாம் பல். என் பக்கத்தில் எனக்குத் தெரியாத ஒரு பேரன். கீழே, 'உங்கள் வீட்டிலும் பெரியவர்களுக்கு ஓர் இடம்' என்று போட்டிருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவு பெரிய எழுத்து. ஊரெல்லாம் நான் இருக்கிறேனாம். பஸ் நிறுத்தத்தில் ஒரு வீட்டில் ஊஞ்சலாடுகிறேன். ரயிலடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் பேப்பர் படிக்கிறேன். எனக்குப் பேப்பர் படிக்கப் பொறுமையே கிடையாது.

நான் குடிவந்த புதிதில் சைக்கிள் கடைக்காரர் மேலே பார்ப்பார், பலகையைப் பார்ப்பார். ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"அது நீங்கதானே?"

"ஆமா."

"எத்தனை வீட்டுல இருக்கீங்க. குடுத்து வச்சவர்."

"ஆமாப்பா," என்றேன்.

வீட்டைக் கட்டி முடித்துக் குடிபோனபோது மாப்பிள்ளை வந்து கூப்பிட்டான். நான் போகவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். உட்காருகிறான், வீட்டுக் கதை ஏதாவது சொல்கிறான், போகும்போது விசிலடிப்பது இல்லை. மகள் சாப்பாடு கொடுத்தனுப்புகிறாள். நான் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்புகிறேன்.

போன வாரம் கால் போன போக்கில் நடந்து அந்தத் தெருவுக்குப் போய்விட்டேன். வீடு நன்றாக இருந்தது. படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. முன்பக்கம், முழங்கால் உயரத்தில் ஜன்னல். அது இப்போது நாயின் அறை. அறை காலியாகக் கிடக்கிறதே என்று வாங்கினார்களாம், மாப்பிள்ளை சொல்லியிருந்தான். நாள் முழுக்க அந்த ஜன்னலிலேயே உட்கார்ந்திருக்குமாம். பால்காரர், கரண்ட்டு ஆள், மகளின் சிநேகிதிகள், கேட்டில் யார் நின்றாலும் விடுவதில்லையாம். மகள் உள்ளே வரும்போதும் குரைக்குமாம். வீட்டுக்குக் காவலாச்சு என்று அவளே அதைத் தடவிக் கொடுக்கிறாளாம்.

கேட்டுக்கு முன்னால் நின்றேன். ஜன்னல் இருட்டில் அது இருப்பதே தெரியவில்லை. உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்டு தெரிய வேண்டும், கேட்டில் நிற்பவனுக்கு அவன் தெரியக் கூடாது. நான் கேட்ட மாதிரியே அமைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குரைத்தது. அடித்தொண்டையிலிருந்து, விடாமல்.

"யாருன்னு பாருங்க," என்று உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது.

யாரும் வருவதற்குள் நடையைக் கட்டிவிட்டேன். தெருமுனை திரும்பும்வரை குரைப்பு நிற்கவில்லை.

நல்ல நாய். யாரையும் நம்புவதில்லை.